செக்ரோலுக்கு வெளியே: சப்ரகமுவத் தோட்டங்களில் முதுமை

யட்டியாந்தோட்டைப் பக்கமோ இறக்குவானைப் பக்கமோ தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு பழைய லயத்துக்குப் போனால், அந்த வீட்டு வயதானவர் எங்கே படுக்கிறார் என்று தேட வேண்டியதில்லை. இஸ்தோப்பில்தான் படுக்கிறார். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா மகனுக்கும் மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடும். முன்பக்கத்து இஸ்தோப்பைப் பலகையாலும் தகரத்தாலும் அடைத்து ஒரு கட்டில் போட்டிருப்பார்கள். தலைமாட்டில் கிளினிக் கொப்பியும் அடையாள அட்டையும் சுற்றி வைத்த சீலைப் பை தொங்கும், கட்டிலுக்கடியில் விறகு அடுக்கியிருக்கும். சாரல் அடித்தால் கட்டிலின் ஒரு பாதி நனையும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது என்பதையும் சேர்த்து யோசித்தால், அந்தக் கட்டில் காய்ந்திருக்கும் நாட்கள் எத்தனை என்று ஊகிக்கலாம்.

பெற்றோரை மூலைக்குத் தள்ளிவிட்ட பிள்ளைகள் என்று இதைக் கதையாக்குவது சுலபம். முதியோர் பற்றி மேடையில் பேசுகிறவர்களுக்குப் பிடித்த கதையும் அதுதான். ஆனால் தோட்டத்தில் முதுமையைத் தீர்மானிப்பது பாசமோ பாசக்குறைவோ அல்ல, செக்ரோல் என்ற தொழிலாளர் பெயர்ப்பதிவேடு. அதில் பெயர் உள்ளவருக்குத்தான் காம்பரா. 60 வயதில் பெயர் வெட்டப்பட்டதும், நாற்பது வருடம் அதே வீட்டில் குடியிருந்தவர் தன் பிள்ளையின் பெயரில் ஒட்டியிருப்பவராகிவிடுகிறார். மறுநாளே யாரும் சாமானை வெளியே எறிவதில்லை. ஆனாலும் அந்த வீட்டிலிருந்து ஒருவராவது பெரட்டு என்ற காலை ஆளெடுப்புக்குப் போய்ப் பேர் போட வேண்டும் என்பது நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு, வீட்டிலுள்ள எல்லோருக்கும் அது தெரியும். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், மகள் குவைத்தில் இருக்கிறாள், மருமகள் மட்டும் கொழுந்துக்குப் போகிறாள் என்றால் அவள் எடுக்கும் கொழுந்தில் மாமியாரின் கூரைக்கான வாடகையும் இருக்கிறது. அவளும் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்த இஸ்தோப்பில் எப்போதும் இருக்கிறது.

முதியோர் பராமரிப்பு என்று நாம் பேசுவதெல்லாம் சப்ரகமுவத் தோட்டங்களில் இந்த ஒரு முடிச்சில் வந்து சிக்குகிறது. வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை முடிந்த மனிதருக்கு வீட்டில் உரிமை இல்லை. உரிமை இல்லாதவர் தன்னைப் பார்த்துக்கொள்ளும்படி யாரிடமும் கேட்க முடியாது.

நுவரெலியாவைப் போல மலை மலையாகத் தமிழ்த் தோட்டங்கள் தொடர்ந்து கிடக்கும் நிலம் அல்ல சப்ரகமுவ. கேகாலையில் றப்பரும் இரத்தினபுரியில் தாழ்நாட்டுத் தேயிலையும் சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே சிதறிக் கிடக்கின்றன. தெரணியகல, தெஹியோவிட்ட, புளத்கொஹுப்பிட்டிய, பலாங்கொடை, காவத்தை எங்கும் ஒரு பக்கம் லயம், ஓடையைத் தாண்டினால் நாடு. தோட்டத்து ஆட்கள் கிராமத்தை அப்படித்தான் சொல்வார்கள். ஒரே மழையில் நனைந்து ஒரே சந்தையில் சாமான் வாங்கும் இரண்டு எழுபது வயதுக்காரர்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நாட்டுப்பக்கத்து ஆளுக்குப் பெரிய காணி இருக்காது. இருந்தாலும் ஒரு வீட்டுத் தோட்டம், இரண்டு பலா, கொஞ்சம் கித்துள், முடிந்தால் கால் ஏக்கர் தேயிலை இருக்கும். பரம்பரை வீட்டில் கடைசிவரை தங்கிப் பெற்றோரைப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த வீடு போகும் என்பது அங்கே ஊரறிந்த வழக்கம். கிழவரிடம் கொடுக்க ஏதோ இருக்கிறது, அதனால் அவர் சொல்லுக்கு வீட்டில் எடை இருக்கிறது. ஓடைக்கு இந்தப் பக்கம் இருப்பவரிடம் கொடுக்க ஒன்றுமில்லை, சேவைக்காலப் பணத்தைத் தவிர.

அந்தப் பணத்தைக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க பணிக்கொடைச் சட்டப்படி, நாட்கூலிக்காரருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில் கிடைக்க வேண்டும். 2020இல் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. 30 வருடம் வேலை செய்து அந்த ஆண்டில் நின்றவருக்கு 2,94,000 ரூபா வரும். 2024 செப்டெம்பர் வர்த்தமானி அடிப்படைச் சம்பளத்தை 1,350 ரூபாவாக்கியது. அதே 30 வருடத்துக்கு அந்த வீதத்தில் நின்றவருக்கு 5,67,000 ரூபா. பக்கத்து நிரையில் நின்று கொழுந்தெடுத்த இருவர், நாலு வருட வித்தியாசம், பணமோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. முன்னவர் ஓய்வுபெற்ற கையோடு 2022 வந்தது. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். வங்கியில் போட்டு வைத்திருந்தாலும் அரிசிக்கும் மாவுக்கும் முன்னால் அந்தப் பணம் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. போட்டு வைத்தவர்களும் சிலரே. பெரும்பாலும் அந்தக் காசு மகளின் கல்யாணத்துக்கும், வெளிநாட்டு ஏஜென்சிக்கும், லயத்துக்குப் பின்னால் ஒரு குசினி இறக்கவும், பழைய நகைக் கடனுக்கும் போய்விடும். தனக்குச் சொந்தமில்லாத வீட்டை நீட்டிக் கட்டுவதில் ஓய்வுக்காலப் பணம் கரைகிறது என்பதைப் பொருளாதாரம் படித்தவர்கள் ஒருமுறை நின்று யோசிக்கலாம்.

சட்டம் 30 நாட்களுக்குள் கொடு என்கிறது, பிந்தினால் மேலதிகத் தொகை சேர்த்துக் கொடு என்கிறது. அரச பெருந்தோட்ட நிறுவனங்கள் பணிக்கொடையையும் சேமலாப நிதியையும் வருடக்கணக்கில் நிலுவை வைத்தது நாடாளுமன்றம்வரை பேசப்பட்ட விஷயம். தொழில் திணைக்களத்துக்கு அலைந்து, கடிதத்துக்குக் காத்திருக்கும் ஓய்வுபெற்றவருக்கு அந்த 30 நாள் ஒரு வேடிக்கை.

ஊழியர் சேமலாப நிதி வேறு விதம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இன்று தொழிலாளியிடம் 8 வீதம், தோட்டத்திடம் 12 வீதம். பணிக்கொடை கடைசிச் சம்பளத்தைப் பார்க்கும். சேமலாப நிதியோ ஒவ்வொரு வருடச் சம்பளத்தையும் நினைவில் வைத்திருக்கும். பெண்களுக்கு அது கெட்ட நினைவு. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் 1984இல்தான் வந்தது. இன்று எழுபதைத் தாண்டிய ஆச்சிமார் அதற்கு முந்திய வருடங்களில் அதே மலையில் அதே நேரம் வேலை செய்து குறைந்த கூலி வாங்கியவர்கள். பிள்ளைப்பேறு, நோய், மழையில் பெரட்டு இல்லாத நாட்கள் என்று அவர்கள் கணக்கில் ஓட்டைகள் அதிகம். போதாததற்குக் கல்யாணத்தை முன்னிட்டு வேலையை விடும் பெண் நிதியை எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி வேறு. இருபது வயதில் சீர்வரிசையாகிப்போன சேமிப்பு அறுபதில் திரும்பி வராது. அரச ஊழியருக்கு மாதாமாதம் ஓய்வூதியம் உண்டு. நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக அந்நியச் செலாவணி தேடிக் கொடுத்த கைகளுக்கு ஒருதரம் கிடைக்கும் பணம் மட்டும்தான்.

அது தீர்ந்த பிறகு? முதியோர் கொடுப்பனவு குறைந்த வருமானமுள்ள 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. 2,000 ரூபாவாக இருந்தது 3,000 ஆகி, 2025இல் 5,000 ஆனது. நல்லதுதான். ஆனால் தோட்டம் 60இல் பெயரை வெட்டுகிறது, அரசு 70இல் கையை நீட்டுகிறது. இடையிலே பத்து வருடம். முதுகும் முழங்காலும் ஏற்கெனவே போய்விட்ட ஒரு உடம்பு அந்தப் பத்து வருடத்தைத் தன் பாட்டில் கடக்க வேண்டும். அதனால்தான் ஓய்வுபெற்றவர்கள் ஓய்வெடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கிறார்கள். நாட்டுக்கு வேலைக்குப் போய்ச் சிறுதோட்டத்துக்காரரின் தேயிலையில் புல் வெட்டுகிறார்கள், மிளகு பறிக்கிறார்கள். இந்த வேலைக்குச் சேமலாப நிதியும் இல்லை, அட்டை கடித்தோ குளவி கொட்டியோ விழுந்தால் நட்டஈடும் இல்லை. சிறுதோட்டங்கள் செழித்த சப்ரகமுவவில் இந்த மலிந்த கூலிக்கு எப்போதும் கிராக்கி உண்டு.

எழுபதை எட்டியவருக்கும் காசு தானாக வருவதில்லை. வயதை நிரூபிக்க வேண்டும். இன்று எழுபது, எண்பது வயதில் இருப்பவர்கள் எந்தக் காலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் என்று நினைத்துப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களது பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையானபோது பஞ்சமும் சேர்ந்து வந்தது. 1977இலும், 1981 ஓகஸ்டில் இரத்தினபுரித் தோட்டங்களிலும், 1983இலும் இனவன்முறையில் லயங்கள் எரிந்தன. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிய குடும்பங்களில் சிலர் திரும்பி வந்தார்கள், பெட்டியில் இருந்த கடதாசிகள் திரும்பி வரவில்லை. நாடற்றவர் பிரச்சினைக்குச் சட்டத்தில் முற்றுப்புள்ளி விழுந்தது 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான்.

விளைவு எளிமையானது. பிறப்பு அத்தாட்சியில் ஒரு பெயர், செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதிய இன்னொரு பெயர், அடையாள அட்டையில் சிங்களத்திலிருந்து திருப்பி எழுதிய மூன்றாவது பெயர். மாரியாயி, மாரியாய், மரியை எல்லாம் ஒரே ஆள் என்று சத்தியக் கடதாசி முடிக்க ஒரு நாள் கூலி, பஸ் காசு, கூட வரும் பேரனின் பள்ளிக்கூட நாள். படிவங்கள் சிங்களத்தில். இப்பகுதி ஆச்சிமார் சந்தையில் பேரம் பேசும் அளவுக்குச் சிங்களம் நன்றாகவே பேசுவார்கள். அது வேறு, பிரதேச செயலகத்தில் படிவத்தை நிரப்புவது வேறு. கடிதம் வந்தாலும் நேராகக் காம்பராவுக்கு வராது. லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இல்லாததால் தோட்ட ஒப்பீஸுக்கு வந்து அங்கே கிடக்கும்.

பராமரிப்பு என்றதும் பார்க்கப்படும் கிழவியைத்தான் கற்பனை செய்கிறோம். தோட்டத்தில் அதிகமும் பார்க்கிற கிழவிதான் இருக்கிறாள். மகள் மத்திய கிழக்கில், மருமகள் மலையில். பிள்ளைகளை எழுப்பி, ரொட்டி சுட்டு, பாடசாலைக்கு அனுப்பி, தண்ணீர் பிடித்து, விறகு பொறுக்கி, படுக்கையில் கிடக்கும் புருஷனைத் துடைத்து உடுத்துவது அப்பாயிதான். அறுபத்தைந்து வயது அப்பாயி எண்பத்தைந்து வயது மாமியாரையும் பார்க்கும் வீடுகள் இருக்கின்றன. இந்த உழைப்பு யார் கணக்கிலும் இல்லை. முதியோர் நலத் திட்டங்கள் அவளைக் கொடுப்பனவு பெறுபவளாகப் பார்க்கின்றனவே தவிர, ஒரு குடும்பத்தின் வெளிநாட்டு வருமானமே அவள் முதுகில் நிற்கிறது என்று பார்ப்பதில்லை.

அவளுக்கே நோய் வந்தால் பாதைதான் முதல் வைத்தியர். மேட்டு லயத்திலிருந்து றோட்டுக்கு இறங்கும் மண்படிகள் மழையில் வழுக்கும். மலசலகூடம் லயத்துக்குத் தள்ளி இருக்கும். இரவில் எழுந்து போகப் பயந்து மாலைக்குப் பிறகு தண்ணீரே குடிக்காத பெண்கள் உண்டு. சர்க்கரை நோய்க்காரருக்கு இது என்ன செய்யும் என்று டாக்டருக்குத் தெரியும், ஆனால் டாக்டர் கேட்பதில்லை. கரவனல்லை, காவத்தை, பலாங்கொடை ஆஸ்பத்திரிகளில் மாதக் கிளினிக் இலவசம். விடியற்காலையில் அங்கே போய்ச் சேர எடுக்கும் முச்சக்கரவண்டிக்கு இலவசம் கிடையாது. அந்தக் காசு இல்லாத மாதம் மருந்தைப் பாதியாக முறித்துச் சாப்பிடுவார்கள். படியையும் பாதையையும் பிரதேச சபை போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக விளங்கியது. திருத்தம் 2018இல்தான் வந்தது. வாக்குக் கேட்க மட்டும் அதற்கு முன்பும் தடை இருக்கவில்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம். பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று சொல்லி, கைவிடப்பட்டவர் முறையிடப் பராமரிப்புச் சபையையும் வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவர்களின் மனத்தில் இருந்த முதியவருக்குச் சொந்த வீடு இருந்தது. மகன் மீது மனுப்போட்டுவிட்டு அவர் தன் வீட்டுக்குத் திரும்பலாம். லயத்துக் கிழவி மனுப்போட்டுவிட்டு மகன் பெயரிலுள்ள காம்பராவுக்குத்தான் திரும்ப வேண்டும். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி எதுவென்று அவளுக்குத் தெரியும், அதனால் அவள் போவதில்லை. மனுக்கள் குறைவாக இருப்பதைப் பார்த்துத் தோட்டத்தில் பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டும் அதிகாரிகளை என்ன சொல்வது.

தொழிற்சங்கம் எங்கே என்று கேட்பது நியாயம். சந்தா சம்பளத்திலிருந்து கழிபடுவது. சம்பளம் இல்லாதவருக்குச் சந்தா இல்லை, சந்தா இல்லாதவருக்குத் தோட்டத் தலைவர் முன்னால் குரல் இல்லை. நாற்பது வருடம் சந்தா கட்டியவர் 61ஆம் வயதில் சங்கத்துக்கு வெளி ஆள். அவர் தொடர்ந்து அங்கத்தவராக இருப்பது மரண உதவிச் சங்கத்தில் மட்டும்தான். அந்தச் சங்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பந்தல், பாய், தேத்தண்ணி, குழி வெட்ட ஆள் என்று தோட்டத்து மக்கள் யாருடைய உதவியுமில்லாமல் நடத்தும் மிக ஒழுங்கான அமைப்பு அது. சாவை அவ்வளவு நன்றாக ஏற்பாடு செய்யத் தெரிந்த மக்களுக்கு அதற்கு முந்திய பதினைந்து வருடத்தை ஏற்பாடு செய்யும் வசதி யாரும் தரவில்லை.

சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் பிரித்த குடும்பங்களின் மறுபாதி என்ன ஆனது என்பதும் இந்தக் கதையில் சேர்த்திதான். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழக அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம் பின்னர் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியவர்கள் அதே லயத்து வாழ்க்கைக்குப் போனார்கள். ஓய்வுபெற்றதும் வீட்டைக் காலி செய் என்ற கட்டளையும் கூடவே போனது. திருநெல்வேலி மாஞ்சோலையில் 2024இல் பாம்பே பர்மா நிறுவனம் விருப்ப ஓய்வுப் படிவத்தை நீட்டியபோது, தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்களுக்கு மலையில் ஒரு அடி மண்ணும் சொந்தமில்லை என்பது தமிழகம் முழுக்கத் தெரிய வந்தது. கடலுக்கு இருபுறமும் தேயிலை ஒரே சட்டத்தைத்தான் வைத்திருக்கிறது: கை ஓடும்வரை கூரை.

இலங்கையில் இதை உடைக்கும் முயற்சி நடக்காமலில்லை. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்பது மலையக அரசியலின் கோஷமாகவே ஆகிவிட்டது. ஏழு பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய உதவியில் 4,000 வீடுகள் மத்திய, ஊவா மாகாணங்களுக்குப் போயின, அடுத்த கட்டமாக அறிவித்த 10,000 வீடுகளுக்கு 2024 பெப்ரவரியில் தொடக்கவிழா நடந்தது. சப்ரகமுவ எப்போதும் வரிசையின் பின்னால். வாக்கு சிதறிக் கிடக்கும் இடத்துக்கு வீடும் சிதறித்தான் வரும். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததை நாடே அறிந்தது. அதே நாள் புளத்கொஹுப்பிட்டிய களுப்பான தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போனது அவ்வளவு பேசப்படவில்லை.

புதிய வீடு வரும்போதும் முதியவர் விஷயத்தில் ஒரு பிசகு நடக்கிறது. 550 சதுர அடி வீடு ஒரு குடும்பத்துக்கு, அதாவது வேலை செய்கிற கணவன் மனைவிக்கு என்று கணக்கிடப்படுகிறது. தாத்தாவும் அப்பாயியும் அந்தக் கணக்கில் கூட வருபவர்கள். பெயர்ப்பட்டியலை ஆக்குகிறவர்களும் தோட்ட ஒப்பீஸின் செக்ரோலை வைத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். ஆக இஸ்தோப்பில் இருந்தவர் புதுவீட்டின் முன்னறைச் சோபாவுக்கு மாறுவார். பழைய லயத்திலேயே தனியாக விடப்படுவதும் உண்டு.

பகல் நேரத்துக்கு ஒரு வழி தோட்டத்திலேயே தயாராக இருக்கிறது. 1992இல் தோட்டங்கள் தனியார் நிர்வாகத்துக்குப் போனபோது மூன்று இலட்சத்துக்கும் மேல் இருந்த தொழிலாளர் தொகை இன்று அதில் பாதிக்கும் கீழே. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் பார்க்கும் பிள்ளைக்காம்பராக்களில் பிள்ளைகள் குறைந்துகொண்டு வருகிறார்கள். கட்டடம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, மலசலகூடம் இருக்கிறது, அதே ஆண்டில் தொடங்கிய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் பயிற்சி பெற்ற பெண் உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். ஒரு பக்கம் பிள்ளைகள், மறு பக்கம் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடும் கால் நீட்டிப் படுக்க ஒரு வாங்கும், மாதம் ஒருதரம் இரத்த அழுத்தம் பார்க்க ஒரு தாதியும் என்று தொடங்க மலையளவு பணம் வேண்டியதில்லை. முதியோர் இல்லங்களை விட இது பொருந்தும். தமிழ் பேசும் இல்லம் இம்மாவட்டங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும், யாழ்ப்பாணத்துக் கைதடியில் கொண்டுபோய்த் தன்னை விடும்படி தெரணியகலைக் கிழவர் யாரும் கேட்கவும் மாட்டார்.

இரவுக்கு வீடுதான் வேண்டும், வீட்டில் உரிமை வேண்டும். அதற்கு வழி இந்த நாட்டு நொத்தாரிசுகளுக்குப் புதிதல்ல. பிள்ளைக்கு வீட்டை நன்கொடையாக எழுதும் பெற்றோர் தாங்கள் சாகும்வரை அதில் குடியிருக்கும் சீவிய உரித்தை உறுதியில் வைத்துக்கொள்வது வடக்கில் சாதாரணம். தோட்டத்து ஏழு பேர்ச் உறுதிகளிலும் அந்த வீட்டில் வாழும் ஓய்வுபெற்ற தாய் தகப்பனுக்குச் சீவிய உரித்து என்று ஒரு வரி சேர்த்தால், மகன் வீட்டை ஈடு வைக்கும் முன் அவர்களின் கையொப்பத்துக்கு வர வேண்டியிருக்கும். உரிமையாளர் கணவனா மனைவியா என்ற வாக்குவாதத்தையே நாம் இப்போதுதான் கூட்டு உறுதி கொடுத்து ஓரளவு முடித்திருக்கிறோம். மூன்றாம் பெயர் என்றால் மருமக்கள் முகம் சுளிப்பார்கள், படிவத்தில் இடமில்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள், காணியை விடவே மனமில்லாத கம்பனி இன்னொரு தாமதத்துக்குக் காரணம் கிடைத்தது என்று மகிழும். ஆனால் அந்தக் காணியைத் துப்புரவாக்கித் தேயிலை நட்டு முப்பது, நாற்பது வருடம் வேலை செய்தது அந்த மூன்றாம் பெயர்க்காரர்தான், புதிய உறுதி எதுவும் அவர் பெயரைக் கேட்பதாக இப்போதைக்கு இல்லை.